நாலாவது பெயர்

தினேசனிடம் நேர்மை இருந்தது. அதை அவர் சும்மா வைத்திருந்தால் ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. நாலு பேர் பார்க்கும்படி வைத்திருந்தார். அதனால் அவருடைய வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சுவிற்சர்லாந்தின் சோலோதுர்ன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாகச் சமையற்காரர். விடிய ஆறு மணிக்குப் போய், பல்லில்லாத கிழவர்களுக்காக உருளைக்கிழங்கை மசிப்பார், கரட்டை அவித்து அரைப்பார், அரைத்த கரட்டை அச்சில் ஊற்றித் திரும்பவும் கரட் மாதிரியே ஆக்கித் தட்டில் வைப்பார். சாப்பிடுகிறவருக்குத் தான் என்ன சாப்பிடுகிறேன் என்று தெரிய வேண்டுமாம். பின்னேரம் மூன்றரைக்கு ஏப்ரனைக் கழற்றிக் கூடைக்குள் எறிந்தாரென்றால் அதற்குப் பிறகுதான் மனிதருக்கு உயிர் வரும். செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூட ஹாலில் பாஸ்கெட்போல் பயிற்சி. சனிக்கிழமை மட்ச்.

இளஞாயிறு விளையாட்டுக் கழகத்தின் பெண்கள் அணியை அவர்தான் தொடங்கினார். ஒன்பது வருடத்துக்கு முன் எட்டு வயதுச் சிறுமிகள் ஐந்து பேரைப் பிடித்து வந்தார். பந்து அவர்களுடைய வயிற்றை விடப் பெரிதாக இருந்தது. அந்த ஐந்து பேருக்கும் இப்போது பதினேழு. ஹரிஷா, தர்மிகா, சிவகலா, பாலேந்திரனின் மகள் நிருசா, பிறகு தினேசனின் ஒரே மகள் யதுஷா. ஒருத்தி எங்கே ஓடுவாள் என்று மற்றவளுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். இடையில் வந்து சேர்ந்த மூத்தவர்கள் கலியாணம் கட்டி லண்டனுக்குப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள், முழங்கால் நோகிறது என்றார்கள். வந்தும் வராமலும் நிற்கிற பெரிய பெண்கள் நாலைந்து பேரை விட்டால், இந்த ஐந்தும்தான் மிஞ்சி நின்று கழகத்தைத் தூக்கின.

தொடங்கிய வருடமே யாரோ ஒருத்தர் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று, "தன்ர மகளை ஏத்திறதுக்குத்தானே உந்த டீம்" என்று சொன்னாராம். சொன்னவர் யாரென்று இன்று ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. சொன்னவருக்கே இராது. தினேசனுக்கு மட்டும் அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து யாரையாவது வெளியே எடுப்பதென்றால் முதலில் யதுஷாவைத்தான் எடுப்பார். பிழை விட்டவள் வேறொருத்தியாக இருக்கும், ஏச்சு யதுஷாவுக்கு விழும். மட்ச் இறுகி வருகிற கடைசி ஐந்து நிமிடம் அவள் கோட்டுக்கு வெளியே வாங்கிலில் குந்தித் தண்ணீர்ப் போத்தலைத் திருகிக்கொண்டிருப்பாள். கேட்டால், "ஊரார் பிள்ளையை ஊட்டி வளத்தால் தன்ர பிள்ளை தானே வளரும்" என்பார். "ஓம், தானேதான் வளருது" என்று அவருடைய மனைவி நிரஞ்சினி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லுவாள்.

அந்த மே மாதம் ஒரு கிழமை முழுக்க மழை. ஆரே ஆறு கலங்கி, கரையோர வாங்கில்களின் கால் நனையுமட்டும் ஏறி ஓடியது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்தான் கடைசி மட்சில் நான்கு புள்ளியால் தோற்று, இரண்டாம் லீக்குக்கு ஏறுகிற வாய்ப்பைக் கோட்டைவிட்டிருந்தார்கள். கூடைக்குக் கீழே நிற்க ஓர் உயரமான ஆள் இல்லை. எதிரணியில் இருந்த உயரக்காரி ஒருத்தி பழம் பறிக்கிறவள் போல நின்ற இடத்தில் நின்றே பந்தைப் பறித்தாள். தினேசன் அந்தத் தோல்வியை வேலைக்கும் கொண்டுபோய் வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

அப்போதுதான் கடிதம் வந்தது. ரயிலில் இருபது நிமிடம் தள்ளி உள்ள நகரத்துப் பெரிய கழகம் அனுப்பியது. இரண்டு பக்கம் முழுக்க டொச், அதாவது ஜெர்மன். தினேசனுக்கு டொச் கதைக்க வரும். வாசிக்க இருந்தால் மூன்றாம் வரியில் தலை சுற்றும். எங்களுடைய வீடுகளில் கடிதம் வந்தால் பிள்ளைதான் வாசிக்கும். வீட்டுச் சொந்தக்காரனின் கடிதம், வரிக் கந்தோர்க் கடிதம், தாயின் வைத்திய அறிக்கை, தன்னைப் பற்றித் தன்னுடைய ஆசிரியை எழுதிய முறைப்பாடு, எல்லாம் பிள்ளை வாசித்துத் தமிழில் சொல்ல, தாய் தகப்பன் கேட்டுத் தலையாட்டுவார்கள். யதுஷா இந்த உத்தியோகத்தை ஏழு வயதில் தொடங்கியவள். ஆகவே தினேசன் ஒன்றும் யோசிக்காமல் கடிதத்தை அவளிடம் நீட்டினார். அவள் அப்போதுதான் வேலையால் வந்திருந்தாள். பல் வைத்தியரிடம் லேர என்கிற தொழிற்பயிற்சியில் இரண்டாம் வருடம், உதவியாளர் வேலை பழகுகிறாள். மேலில் அந்த மருந்து மணம் இருந்தது.

"யது, இதை ஒருக்கா வாசி. உவங்கள் பெரிய கிளப்காரங்கள் என்னவோ எழுதியிருக்கிறாங்கள்."

அவள் முதலில் மனத்துக்குள் வாசித்தாள். அது அவளுடைய பழக்கம். பிறகு சொல்லத் தொடங்கினாள்.

"போன சீசன் நல்லா விளையாடினியளாம். வாழ்த்துச் சொல்லுகினம்."

"சரி சரி, விசயத்துக்கு வா."

"பதினெட்டு வயசுக்குக் கீழை இருக்கிற தங்கட டீமுக்கு ஆக்கள் காணாதாம். இன்னும் நாலு பேர் சேராட்டி லீக்கிலயிருந்து எடுத்துப்போடுவினமாம். அதாலை எங்களிட்டை நாலு பேரைக் கேக்கினம். பதிலுக்குத் தங்கட பிள்ளை ஒண்டைத் தருவினமாம். யோவானா எண்டு பேர். பதினேழு வயசு. ஒரு மீட்டர் தொண்ணூற்றொண்டு."

தினேசன் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "எவ்வளவு?"

"தொண்ணூற்றொண்டு, அப்பா."

"அந்தப் பிள்ளையை நான் பாத்திருக்கிறன். இன்னும் ஒழுங்காப் பழகேல்லை, ஆனால் கையைத் தூக்கினால் காணும். அவளை ஏன் விடுகினம்?"

"அவளை முதல் டீமுக்கு ஏத்தியிட்டினமாம், அங்கை அவளுக்கு முன்னாலை ரெண்டு உயரமான ஆக்கள் இருக்கினமாம். இறக்க இடமில்லையாம். நல்ல எதிர்காலம் இருக்கிற பிள்ளை, விளையாடாமல் இருந்தால் பழுதாப்போவாள் எண்டு போட்டிருக்கு."

"எங்கடையிலை ஆரைக் கேக்கினம்?"

"ஹரிஷா, தர்மிகா, சிவகலா."

"மூண்டுதானே?"

"நாலாவது ஆளின்ர பேர் போடேல்லை." அவள் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு சொன்னாள். "உங்களாலை எந்தப் பிள்ளை இல்லாமல் சமாளிக்கலாமோ, அந்தப் பிள்ளையைத் தாங்கோ எண்டு இருக்கு. ஆர் எண்டதை நீங்களே தீர்மானிக்கலாமாம்."

நிரஞ்சினி இடியப்ப உரலை அமத்தியபடியே திரும்பினாள். "அப்ப இவளை அவை கேக்கேல்லையோ?"

"இல்லையம்மா. கடைசி அஞ்சு நிமிசத்திலை அவை என்னைக் கண்டிருந்தால்தானே கேக்கிறதுக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தினேசன் சிரிக்கவில்லை. அவர் தொண்ணூற்றொன்றிலேயே நின்றார்.

"நாலாவது ஆர் அப்பா?"

"பாப்பம். கமிட்டி இருக்கெல்லோ. நீ சாப்பிடு."

கமிட்டி ஞாயிறு பின்னேரம் மூத்ததம்பியர் வீட்டில் கூடியது. தலைவர் அவர். டாவோஸ் ஹோட்டல்களில் இருபது வருடம் கோப்பை கழுவி இடுப்பு முறிந்து, இப்போது பென்சனில் இருக்கிறார். மட்ச் நாட்களில் ரோல்ஸ் பொரிக்கிற சிவபாக்கியம் அக்கா வந்திருந்தார். பாலேந்திரன் வந்திருந்தார். தினேசனோடு சேர்த்து நாலு பேர். பருத்தித்துறை வடையும் இஞ்சி போட்ட தேத்தண்ணியும் வந்தன. பிள்ளைகளில் ஒருத்தியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பெற்றார் கையெழுத்து வைத்தால் சரி என்று கடிதத்தோடு வந்த விடுவிப்புப் படிவத்தில் இருந்தது, அது காணும் என்று நினைத்தார்கள்.

"ஒன்பது வருசமா மூண்டாம் லீக்கிலை கிடந்து உழலுறம்," என்றார் மூத்ததம்பியர். "எங்கட பிள்ளையள் கெட்டிக்காரியள்தான். ஆனால் கெட்டித்தனம் இருந்து என்ன, எட்டேல்லையே. அந்த உயரம் எங்களிட்டைப் பிறக்காது. வருகுதெண்டால் வேண்டாமெண்டு சொல்லுறதோ?"

"நாலு பிள்ளையைக் குடுத்து ஒண்டை வாங்கிறதோ?" சிவபாக்கியம் அக்கா வடையைத் தட்டில் திரும்ப வைத்தார். "வாறவள் காலைச் சுளுக்கிக்கொண்டு படுத்தால் ஆர் விளையாடுறது? நானோ?"

"ஒரு சீசனுக்குத்தானே அக்கா," என்றார் பாலேந்திரன்.

"ஒரு சீசன் எண்டுதான் எல்லாரும் சொல்லுறது. நானும் ஒரு வருசத்துக்கெண்டுதான் இந்த நாட்டுக்கு வந்தனான். பெட்டையள் அங்கத்தைப் பெரிய ஹாலையும் பஸ்ஸையும் கண்டால் திரும்பி வருவாளவையோ? அந்த நெட்டைச்சியும் சீசன் முடியத் தன்ர வீட்டை போயிடுவாள். பிறகு மிஞ்சிறது நானும் ரோல்ஸும்தான்."

"வளருற பிள்ளையள் நல்ல இடத்துக்குப் போறதை மறிக்கிறதும் பாவம்."

"நீர் என்ன சொல்லுறீர் தினேசன்?" மூத்ததம்பியர் கேட்டார். "நீர்தானே ட்ரெயினர்."

தினேசனுக்குத் தெரியும். ஐந்தைப் பிரித்தால் அது பிறகு ஐந்தாகச் சேராது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு அங்கே வேறு எவருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தக் கைகள் கூடைக்கு மேலே எழும்புவது கண்ணுக்குள் நின்றது. ஆசை கண்ணை மறைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"எடுப்பம் அண்ணை," என்றார். "அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக் குடுத்தால் ஒரு வருசத்திலை ஏறியிடலாம்."

"அப்ப நாலாவது?"

பதினெட்டுக்குக் கீழே மிச்சம் இருப்பது இரண்டு பேர். நிருசா மெல்ல ஓடுகிற பிள்ளை, கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். யதுஷாதான் பந்தைக் கொண்டுபோகிறவள், மற்றவர்களைச் சரியான இடத்தில் நிறுத்துகிறவள். இது அந்த நாலு பேருக்கும் தெரியும். நிருசாவின் தகப்பன் பாலேந்திரன் கோப்பையை நிலத்தில் வைத்தார்.

"என்ர பிள்ளை எண்டதுக்காக நான் ஒண்டும் கதைக்கேல்லை. நீங்கள் பொதுவாப் பாத்துச் செய்யுங்கோ."

எங்கள் ஆட்களில் ஒருத்தர் "பொதுவாப் பாத்துச் செய்யுங்கோ" என்றால் விரல் எங்கே நீளுகிறது என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. தினேசனின் முகம் சூடேறியது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய முள் திரும்ப ஒருமுறை குத்தியது.

"என்ர மகளின்ர பேரைப் போடுங்கோ," என்றார்.

"தம்பி, உமக்கென்ன விசரோ?" சிவபாக்கியம் அக்கா எழும்பியே விட்டார். "அவள் இல்லாட்டி அந்த நெட்டைச்சிக்கு ஆர் பந்து குடுக்கிறது?"

"பொதுவிலை நிக்கிறவன் தன்ர பிள்ளையைத்தான் அக்கா முதல் விடவேணும். இல்லாட்டி நாளைக்கு ஒரு வாய் கதைக்கும்."

"கதைக்கிற வாய் எப்பவும் கதைக்கும். அவளைக் கேட்டனீரோ?"

"அவள் என்ர பிள்ளை. நான் சொன்னால் கேப்பாள்."

"பாத்தியளே," என்றார் மூத்ததம்பியர். "இதுதான் மனுசன். இப்பிடி ஒருத்தர் எங்களுக்குக் கிடைக்க நாங்கள் குடுத்துவைச்சிருக்க வேணும்."

தினேசன் பஸ் எடுக்காமல் மழையில் நடந்தே வீட்டுக்குப் போனார். சந்தோசமாக நடந்தார் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

வீட்டில் தாயும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். அவர் கையைக் கழுவிவிட்டு இருந்து, கமிட்டி முடிவை வாசிக்கிறவர் போல ஒழுங்காகச் சொன்னார். யதுஷா வாயிலிருந்ததை விழுங்கி முடித்தாள்.

"நாலாவது நானோ?"

"ஒரு சீசன்தான் பிள்ளை. உன்ர சிநேகிதியள் மூண்டு பேரும் அங்கைதானே வருகினம். நீ தனியப் போகேல்லை."

"அவை என்னைக் கேக்கேல்லை அப்பா."

"கேக்காட்டி என்ன, பாத்தால் தெரிஞ்சுகொள்ளுவினம்."

"அவை என்னைக் கேக்கேல்லை. நீங்கள்தான் குடுத்தனீங்கள்." குரல் உயரவேயில்லை. "எந்தப் பிள்ளை இல்லாமல் சமாளிக்கலாமோ அந்தப் பிள்ளை. அதை நான்தானே உங்களுக்கு வாசிச்சனான்."

தினேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. கடிதத்தை யாரிடம் கொடுத்தோம் என்பதே அப்போதுதான் உறைத்தது. ஆனால் தகப்பன்மார் இப்படியான நேரத்தில் வாயை மூடமாட்டார்கள்.

"உன்னை வைச்சுக்கொண்டு பாலேந்திரன்ர பிள்ளையை விட்டால் சனம் என்ன சொல்லும்?"

"எந்தச் சனம் அப்பா? எங்கட மட்சுக்கு வாறது முப்பது பேர். அதிலை இருபது பேர் ரோல்ஸுக்கு வருகினம்."

நிரஞ்சினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இஞ்சேருங்கோ, மூத்ததம்பி அண்ணைக்கு இப்பவே போன் எடுங்கோ. பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ. அவர் தலையை வெட்டமாட்டார்."

"சொன்ன சொல்லை மாத்திறதோ? நாளைக்கு என்ர முகத்திலை ஆர் முழிப்பினம்?"

"நாங்கள் முழிக்கிறம்தானே! நாங்கள் ரெண்டு பேரும் ஆக்களில்லையோ?"

அவர் புட்டைக் குழைத்தார். யதுஷா தட்டைக் கழுவி வைத்துவிட்டு, விடுவிப்புப் படிவத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பி வந்தாள். அந்த வீட்டில் டொச் படிவம் நிரப்பத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தன்னுடைய பெயர், பிறந்த திகதி, விலாசம், எத்தனை வருடம் இந்தக் கழகத்தில் விளையாடினாள், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அழகாக எழுதினாள். காரணம் என்ற பெட்டியில் பேனை சற்று நின்றது. பிறகு கழகங்களின் உடன்பாடு என்று எழுதினாள்.

"இதிலை வையுங்கோ அப்பா. அம்மா, நீங்கள் கீழை."

நிரஞ்சினி வைக்கமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வையுங்கோம்மா," என்றாள் யதுஷா. "வேண்டாமெண்டு சொன்ன இடத்திலை என்னெண்டு நிக்கிறது." அதற்குப் பிறகு தாய் வைத்தாள். மகள் படிவத்தை மடித்து உறையில் போட்டு நாவால் ஒட்டினாள்.

யோவானா ஓகஸ்ட்டில் வந்தாள். நல்ல பிள்ளை, அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரோல்ஸை உறைப்பில் கண்ணீர் வடியத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். சொல்லிக்கொடுத்ததைக் கவனமாகக் கேட்டாள். இளஞாயிறு முதல் மட்சிலிருந்தே வென்றது. மூத்ததம்பியர் இடுப்பு நோவை மறந்து எழும்பி நின்று கைதட்டினார். தினேசன் கடைசி ஐந்து நிமிடத்தில் யோவானாவை ஒருநாளும் வெளியே எடுக்கவில்லை. பந்து கொண்டுபோக ஆளில்லாமல் அவள் வெறும் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிற நேரங்களில் மட்டும் அவருடைய கண் யதுஷா வழமையாக இருக்கிற வாங்கில் மூலைக்குப் போகும். அங்கே நிருசா இருப்பாள்.

வீட்டில் யதுஷா கோபம் ஒன்றும் காட்டவில்லை. கோபம் காட்டியிருந்தால் நல்லது. அப்பா தேத்தண்ணி போடட்டோ என்பாள், கடிதங்களை வாசித்துச் சொல்லுவாள், பல் வைத்தியரிடம் வந்த ஒரு கிழவி தன் கட்டுப்பல்லின் மேல் தானே குந்திக் கடிபட்ட கதையை நடித்துக் காட்டுவாள். செவ்வாயும் வியாழனும் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போவாள்.

"எப்பிடிப் போகுது பிள்ளை அங்கை?"

"போகுது அப்பா."

"ட்ரெயினர் என்ன சொல்லித் தாறார்?"

"சும்மா, வழமையானதுதான்."

அவ்வளவுதான். ஒன்பது வருடமாகச் சாப்பாட்டு மேசையில் பாஸ்கெட்போலைத் தவிர வேறெதுவும் கதைக்காத வீடு. தினேசன் வேலையில் கரட் அச்சுகளை நிரப்பிக்கொண்டே, எதைக் கேட்டால் அவள் இரண்டு வார்த்தைக்கு மேல் சொல்லுவாள் என்று யோசிப்பார். ஒன்றும் பிடிபடாது.

நொவெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலையும் இல்லை, மட்சும் இல்லை. மூடுபனி கூரைமட்டும் இறங்கி, ஜூரா மலை இருந்த பக்கம் வெறும் சாம்பலாக இருந்தது. "யதுவுக்கு ரெண்டு மணிக்கு மட்ச்," என்றாள் நிரஞ்சினி, முதியவர் ஒருத்தரைப் பராமரிக்கும் வேலைக்கு வெளிக்கிட்டபடி. "நான் மூண்டு தரம் போய்ப் பாத்திட்டன். நீங்களும் ஒருக்காப் போங்கோ. ஆருக்கும் சொல்லத் தேவையில்லை."

அவர் சொல்லாமல் போனார். பெரிய ஹால், மரப் படிகள், மேலே மின்சாரப் பலகை. கடைசி வரிசையில் ஒரு தூணோரமாகத் தொப்பியைக் கழற்றாமல் இருந்தார். கீழே அவருடைய நான்கு பிள்ளைகளும் நின்றார்கள். யதுஷா பதினோராம் இலக்கம்.

அவள் விளையாடினாள். இதை எப்படிச் சொல்வது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு தலையை நிமிர்த்தி வந்தாள், ஹரிஷாவைக் கையால் தள்ளி நிறுத்தினாள், தர்மிகாவுக்கு முதுகுப் பக்கத்தால் கொடுத்தாள். இடது காலை ஊன்றித் திரும்புகிற அந்தத் திருப்பம் தினேசன் பழைய பள்ளிக்கூட ஹாலில் அவளுக்கு ஒன்பது வயதில் காட்டியது. நூறு தரம் விழுந்து, நூற்றோராம் தரம் பிழைக்காமல் செய்தவள். கடைசி ஐந்து நிமிடம் வந்தது. இரண்டு புள்ளிதான் வித்தியாசம். ட்ரெயினர் எழும்பி, ஆளை மாற்றக் கையைத் தூக்கினான். தினேசன் படியிலிருந்து அரைவாசி எழும்பினார். வெளியே வந்தது வேறொருத்தி. யதுஷா நின்றாள். தன்னுடைய பிள்ளை கடைசி ஐந்து நிமிடம் எப்படி விளையாடுவாள் என்று தகப்பன் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டார். வெட்கமும் பெருமையும் ஒன்றாய் எழும்பின. அழுதுவிடுவேனோ என்று பயந்து தொப்பியை இன்னும் கீழே இழுத்தார்.

பக்கத்தில் மடியில் கம்பளி விரித்து, பிளாஸ்க்கோடு ஒரு சுவிஸ் பெண் இருந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய தேநீரில் கொஞ்சம் மூடியில் ஊற்றி நீட்டினாள்.

"உங்கள் பிள்ளையும் விளையாடுகிறாளா?" என்று டொச்சில் கேட்டாள்.

அவருக்கு வாய் வழமைப்படி எல்லாரும் என் பிள்ளைகள்தான் என்று சொல்லப் போனது. சொல்லவில்லை. "பதினொன்று," என்றார். "பதினொன்று என்னுடைய மகள்."

"யது!" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "நீங்கள்தானா அப்பா? பயிற்சி முடிந்தால் நான்தான் அவளை ரயிலடியில் கொண்டுபோய் விடுகிறேன். என் மகளுக்கு அவள்தான் எல்லாம். இவ்வளவு அழகாக விளையாட யார் சொல்லித் தந்தது என்று ஒருநாள் காரில் கேட்டேன். வீட்டில் ஒருவருக்கும் பாஸ்கெட்போல் தெரியாது என்றாள். தானாகப் பழகினாளாம். நம்ப முடிகிறதா உங்களுக்கு?"

கீழே பந்து வலைக்குள் விழுந்து ஹால் அதிர்ந்தது. தினேசன் சுடுதேநீரை ஒரே மிடறில் விழுங்கினார். வாய் வெந்தது.

"உண்மைதான்," என்றார். "எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது."

"பரவாயில்லை, கஷ்டமேயில்லை," என்றாள் அந்த நல்ல மனுசி. அவர் பக்கம் சாய்ந்து, தரையில் வளைந்து போகிற கோட்டை விரலால் காட்டினாள். "அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தால் மூன்று புள்ளி. உள்ளே நின்று எறிந்தால் இரண்டு."

மட்ச் முடியும் வரைக்கும் அவள் ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினாள். தினேசன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.